எட்வினின் இரண்டாவது மரம்

விரலில் காய்ந்திருக்கும் றப்பர்ப் பாலை உரித்து, மிளகளவு உருட்டி, என் கொம்பியூட்டர்ப் பெட்டியின் தலையில் வரிசையாக வைத்துக்கொண்டே எட்வின் திரையைப் பார்க்கிறான். மற்றக் கை மவுசில். அந்த மவுசும் ஒட்டும். அவனுக்குப் பிறகு உட்காருகிறவர்கள் கையை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். துடைப்பதற்கென்றே பக்கத்து ஆணியில் ஒரு துணி மாட்டியிருந்தேன். பதினொரு மாதமாகியும் அது கடையில் வாங்கின மடிப்புக் கலையாமல் தொங்கியது.

"கையத் தொடச்சிட்டுப் புடிடா" என்பேன்.

"இந்தா, முடிஞ்சிருச்சுண்ணே" என்பான். முடியாது.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. போட்டோக்கொப்பி, டெலிபோன், இரண்டு கொம்பியூட்டர். எட்வினுக்கு முப்பத்தேழு வயது. றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். விடிந்ததும் முந்நூறு மரம் வெட்டி, சிரட்டைகளில் வடிந்ததை வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். நனைந்த மரத்தை வெட்ட முடியாது. அதனால் மழை நாளில் ஒன்பது மணிக்கே என் வாசலில் நிற்பான். வானம் இருட்டினால் அன்றைக்கு ஒரு கொம்பியூட்டர் எனக்கில்லை.

வந்து என்ன செய்கிறான்? கட்டம் நிரப்புகிறான். பழைய கொம்பியூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதன்மேல் பைத்தியமான ஆட்கள் நாலைந்து தேசத்திலிருந்து சேர்ந்து, அதற்குத் தாங்களாகவே ஒரு அடுத்த பாகம் செய்கிறார்கள். விற்பதற்கு இல்லை, சும்மா. அவர்களுக்குத் தலைவன் ஒரு சிலி நாட்டுக்காரன். அவன் கடுதாசியை எட்வின் அகராதியை மடியில் வைத்துப் படிப்பான். அந்த விளையாட்டில் ஓடுகிற ஆள், பின்னால் நிற்கிற காடு, மேகம் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களை ஒவ்வொன்றாக நிறம் போட்டு அடைத்து உண்டாக்குவது. மொத்தம் பதினாறு நிறம்தான் பாவிக்கலாம். அதற்கு மேல் ஒன்று வேண்டுமென்றால் இருக்கிற ஒன்றை விட வேண்டும். வரைந்த துண்டுகளை வைக்கவும் மொத்தம் அறுபத்துநாலு பெட்டிதான். எட்வினிடம் நிறங்களுக்குப் பச்சை, மஞ்சள் என்று பெயர் கிடையாது. "ஒட்டுப்பால் நிறம்", "மழைக்கு முந்தின பட்டை", "கங்காணி தொப்பி" என்பான்.

நிரப்பினதைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கடையை விட்டு இறங்கி நடுரோட்டுக்குப் போய்விடுவான். இரண்டு தரம் திரீவீல்காரர்கள் அவன் பரம்பரையையே இழுத்தார்கள். மூன்றாம் தரம் என்னையும் சேர்த்து.

விளையாட்டின் மூன்றாவது கட்டத்துக்குச் சிலிக்காரன் ஒரு காடு கேட்டான். இவன் றப்பர்த் தோட்டத்தைக் கொடுத்தான். நேர் வரிசையில் நிற்கும் மரம், அதில் வெட்டு, வெட்டின் நுனியில் தகடு, கீழே சிரட்டை, விழப்போகிற ஒரு சொட்டுப் பால். அந்தச் சொட்டு மொத்தம் இரண்டு சதுரம். அதற்கு ஒரு வாரம் எடுத்தான். சிலிக்காரனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. மற்ற ஓவியக்காரர்களைப் போல இவனும் தன் முகத்தை ஒரு பெட்டியில் வரைந்து அனுப்பலாம், விளையாட்டு முடிகிற இடத்தில் பெயரோடு வரும் என்று எழுதினான். எட்வின் தன் முகத்தை வரைந்தான். மீசைக்கு மட்டும் நாலு நாள்.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்க்கச் சொல்லி விளையாட்டை அனுப்பினார்கள். என் டெலிபோன் வயர் வழியாக அது இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் போன் கிடையாது. டுபாயில் இருக்கும் மகளிடம் பேச வந்த ஒரு சிங்கள அம்மா முக்காலியில் உட்கார்ந்து, "மல்லி, தவ பரக்குத?" என்று, இன்னும் சுணங்குமா எனக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவன் திரும்பியும் பார்க்காமல், "பொட்டக் இன்ன, நோனா" என்று அவரை இருத்தி வைத்தான். அந்த அம்மா எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்.

இறங்கியது. திறந்தான். காடு ஓடியது. எட்வினின் உருட்டுகிற விரல் நின்றுவிட்டது.

பார்க்கிறவர்களுக்குச் சலிக்கக்கூடாதென்று, ஒன்றுவிட்டு ஒரு மரத்தை அந்த விளையாட்டு தானாகவே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருந்தது. பால் வெட்டு எந்தத் தோட்டத்திலும் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரியும். மரத்துக்குள் பால் ஓடும் வழிக்கு அதுதான் வெட்டு. திருப்பிப் போட்ட மரங்களில் அது வலமிருந்து இடமாகச் சரிந்தது.

வெட்டு பிழை என்று இவன் சிலிக்காரனுக்கு எழுதினான். மறுநாள் சனிக்கிழமை இவன் வரும்போது பதில் வந்திருந்தது. ஞாயிறு விளையாட்டு வெளியாகிறது. இரண்டாவது மரத்தைத் திருப்பாமல் போட இனி வழியில்லை. வேண்டுமானால் இரண்டாவது மரத்துக்கு வேறு அடிமரம் வரைந்து கொடு, ஆனால் அறுபத்துநாலு பெட்டியும் நிரம்பிவிட்டது, வைக்க இடமில்லை. இது யார் கண்ணிலும் படாது. உனக்குப் பிடிக்காவிட்டால் சொல், வேறொருவரின் பைன் காடு தயாராக இருக்கிறது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பீடை இன்றோடு ஒழிகிறது.

"விடு எட்வின். யாரு பாக்கப் போறா?"

"பால் வெட்டுறவன் பாப்பாண்ணே."

"பால் வெட்டுறவன் எவன்டா கேம் வெளாடுறான்?"

"நான் வெளாடுறேனே."

பெட்டியின் தலையில் இருந்த பால் உருண்டைகளை வழித்துக் குப்பையில் போட்டேன்.

பின்னேரம் அவன் சம்சாரம் தெரேசம்மா வந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான். சந்தைக்கு வந்த கையோடு, புருஷன் முகம் கொம்பியூட்டரில் வருகிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று முருங்கைக்காய்க் கட்டோடு நுழைந்தாள். முகம் கடைசியில்தான் வரும். அதற்கு முதல் காடு ஓடியது. ஒரு மரம் போனது, அடுத்தது வந்தது. தெரேசம்மா கட்டைக் கீழே வைத்தாள்.

"இத எவன் வெட்டுனது? இப்புடி வெட்டுனா கங்காணி அரைப்பேருதான் போடுவாரு" என்றாள். அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்பது அதன் பொருள்.

எட்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போட்டோக்கொப்பி மெஷினுக்குக் கடதாசி போடப் போய்விட்டேன்.

பிறகு அவன் செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்த அறுபத்துநாலு பெட்டியையும் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று தேடினான். மேகத்தில் கை வைத்தால் மேகம் அரைகுறை. வேரில் கை வைத்தால் மரம் அந்தரத்தில் நிற்கும். கடைசிப் பெட்டியில் வந்து நின்றான். அதில் இவன் முகம்.

"மடையா, பதினோரு மாசம் என் தலைய உருட்டியிருக்க. உன் மூஞ்சி ஒண்ணுதான் மிச்சம். அதையும் அழிக்கப் போறியா?" என்றேன்.

"மூஞ்சி வீட்டுல இருக்குதுண்ணே" என்றாள் தெரேசம்மா. அவனுக்குப் பதிலாக அவள் சொன்னாள், ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நெற்றியிலிருந்து வரிசை வரிசையாக அழித்தான். மீசைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்தினான். பிறகு அதுவும் போனது.

அந்த இடத்தில் புது அடிமரம் வரைய வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம். விளையாட்டு திருப்பித்தான் போடும் என்பதால் இவன் வெட்டைப் பிழையாக வரைந்தால்தான் அங்கே சரியாக வரும். இருபது வருஷம் பால் வெட்டின கை அதற்குப் போகவில்லை. மூன்று தரம் வரைந்தான். மூன்று தரமும் பழக்கப்படி இடமிருந்து வலமாகவே இறங்கியது. நாலாவது தரம் தெரேசம்மா பக்கத்தில் நின்று, "இல்ல, அந்தப் பக்கம். கெட்ட வெட்டு, கெட்ட வெட்டு" என்று சொல்லிக்கொடுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு வலமிருந்து இடமாக இழுத்தான். ஓடவிட்டுப் பார்த்தான். வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, எல்லா மரமும் ஒரே பக்கம் சரிந்து வடிந்தது. தெரேசம்மா முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக்கொண்டாள்.

இனி அனுப்ப வேண்டியதுதான். வாசலில் நாலு பேர் போட்டோக்கொப்பிக்கு நிற்கிறார்கள். "அனுப்பித் தொலையேன்டா" என்றேன்.

எட்வின் மவுசிலிருந்து கையை எடுத்தான். ஆணியில் தொங்கிய துணியை எட்டி எடுத்து, மடிப்பை உதறி, ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு வரைக்கும் துடைத்தான். பிறகு அந்தத் துணியாலேயே மவுசையும் ஒரு தரம் துடைத்துவிட்டு, அமுக்கினான்.