மருதாணிக்கு அடியில் ஒரு கோடு

நஃபீசாவிடம் கையைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அரை மணி நேரத்துக்கு அது உங்கள் கை இல்லை. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் ஒரு துணிக்கடை வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டு இருபத்தாறு வருஷமாக மருதாணி போடுகிறாள். உள்ளங்கை நடுவில் ஒரு புள்ளியை வைத்தாளானால் அப்புறம் அவள் இங்கே இல்லை. புள்ளி மொட்டாகும், மொட்டு கொடியாகும், கொடி மணிக்கட்டைத் தாண்டி எங்கோ போகும். பின்னாலேயே அவளும் போய்விடுவாள். மழை வந்ததும் விட்டதும்கூட யாராவது சொன்னால்தான் தெரியும்.

இத்தனைக்கும் மூலதனம் அவளுடைய வலது கட்டைவிரல். மருதாணி அடைத்த கோனை அழுத்துவது அதுதான். எவ்வளவு அழுத்தினால் மயிரிழை, எவ்வளவு அழுத்தினால் இலை என்று அந்த விரலுக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது.

போன வருஷம் அந்த விரலின் நகத்தில் ஒரு கோடு விழுந்தது. அடியிலிருந்து நுனிவரை பென்சிலால் இழுத்த மாதிரி நேராக, கறுப்பாக. நஃபீசா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கோனை எடுத்து, கோடு தெரியாத அளவுக்கு நகத்தின் மேல் அப்பிவிட்டாள். சிவப்பு மங்க மங்க, வெள்ளிக்கிழமை தோறும் மறுபடி அப்பினாள். பார்த்தால் கல்யாணப் பெண்கள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வேறு சொல்லிக்கொண்டாள். அது பொய். அடுத்த வீட்டுப் பரமசிவத்துக்கு உள்ளங்காலில், விரலடியில், இப்படித்தான் ஒரு கறுப்பு வந்தது. ஆணிக்கால் என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருஷம் இருந்துவிட்டார். கடைசியில் புற்று என்று இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். நஃபீசாவுக்குப் பயம். கோனைப் பிடிக்க விரல் இல்லாமல் போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

பத்து மாதம் கழித்து அதே பரமசிவம்தான் ஒருநாள் அவளைக் கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போனார். புக்கிட் மேராவில் அவர்கள் இருப்பது ஓரறை வாடகை வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடி புளோக். மருத்துவமனை ஏறி இறங்க நேரமோ தெம்போ இல்லாதவர்களைத் தேடி, கீழே மேசை போட்டு, திவ்யதர்ஷினி என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கைபேசியில் ஒரு லென்ஸை மாட்டி, மச்சம் மறு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்புவாள். எங்கோ மருத்துவமனையில் இருக்கும் தோல் டாக்டர் அதைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"நம்ம கலருக்கு skin cancer வராதுன்னு நினைக்காதீங்க ஆன்ட்டி. உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியிலன்னு ஒளிஞ்சு வரும். உங்களுக்கு நகத்துல கோடு, கீடு ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லம்மா. இது மருதாணி லா. என் தொழிலே அதுதானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. திவ்யதர்ஷினியும் சிரித்துக்கொண்டே பத்து நகங்களையும் படம் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கைபேசிக்குப் பதில் வந்தது. நகங்களில் மருதாணிக் கறை. படத்தில் தெரிந்தவரை சந்தேகப்பட எதுவும் இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள், டாக்டரை ஏமாற்றியவளே டாக்டர் சொன்னதை நம்பினாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பரமசிவத்துக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். மனசு அவ்வளவு கெட்டிக்காரக் கழுதை.

பத்து நாள் அந்த நிம்மதியில் மிதந்தாள். பதினோராம் நாள், கடைக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் வெயில் கன்னத்தைத் தடவ, கண் சொருகிவிட்டது. கனவில் அந்தக் கோடு நகத்தைவிட்டு இறங்கிவந்தது. அவசரமே இல்லை அதற்கு. விரலைச் சுற்றி ஒரு வளையம் போட்டது, புறங்கையில் மொட்டு வைத்தது, முழங்கை வரை கொடியோடியது. எல்லாம் அவள் போடும் அதே பூ, அதே இலை. என்ன அழகு என்று கனவிலேயே வியந்தாள். கழுத்துக்கு வந்தபோதுதான், போடுவது யார் என்று பார்த்தாள். தன் கையில் கோன் இல்லை.

விழித்தபோது இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நகத்துக்கு மருதாணி வைக்கவில்லை. மற்ற விரல்களுக்கு வைத்தாள், அதற்கு மட்டும் இல்லை. பழைய சிவப்பு மேலே ஏற, அடியில் புது நகம் வெறுமையாக முளைக்கட்டும். அது சுத்தமாக வந்தால் சரி. நோன்புக்குப் பிறை பார்க்கிற மாதிரி தினமும் பார்த்தாள். ஊர் முழுக்கப் பிறை தெரியவேண்டும் என்று பார்க்கும். இவளோ நகத்தடியில் முளைக்கும் பிறைக்குள் ஒன்றும் தெரியக்கூடாது என்று பார்த்தாள். நான்கு வாரத்தில் நெல்மணி அகலத்துக்குப் புது நகம் வந்தது. கோடும் கூடவே வந்தது.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், லிட்டில் இந்தியா முழுக்கத் தலையாக இருந்த ஒரு சாயங்காலம், எதிர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவள் திவ்யதர்ஷினி.

"ஆன்ட்டி! நீங்கதானா? ரெண்டு கையும் full-ஆ போடுங்க."

நஃபீசா போட்டாள். அன்றைக்கு மட்டும் கொடியோடு போக முடியவில்லை. கோனை அழுத்தும்போதெல்லாம் நகம்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது கையில் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே பார்வையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேம்மா. மருதாணிக்கு அடியில கோடு இருக்கு. ஒரு வருஷமா மறைச்சுக்கிட்டு இருக்கேன்."

திவ்யதர்ஷினி சட்டென்று அந்த விரலைப் பிடிக்கப் போனாள், பாதியில் நின்றாள். இரண்டு கையும் ஈர மருதாணி. தொட்டால் புது நகமும் சிவந்துவிடும். கைகளை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, குனிந்து, மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தை நகத்தருகே கொண்டுபோனாள். பக்கத்தில் காத்திருந்தவர்கள் இது என்ன கூத்து என்று பார்த்தார்கள்.

"என் bag-ல போன் இருக்கு, எடுங்க. லென்ஸும் இருக்கும். நீங்களே எடுக்கணும் ஆன்ட்டி, இடது கையால. கிட்ட... இன்னும் கிட்ட. கை ஆடுது."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். மூச்சைப் பிடிச்சுக்குங்க. கோன் பிடிக்கும்போது ஆடுமா உங்க கை?"

ஆடாது. மூச்சை அடக்கினாள். சத்தமெல்லாம் எங்கோ போய், விளக்குகள் கரைந்து, உலகத்தில் அந்த ஒரு நகம் மட்டும் இருந்தது. படம் விழுந்தது.

இந்த முறை பதில் வர மூன்று நாள் ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்றுதான்; ஆனால் ஆழம் போகவில்லை, எலும்பைத் தொடவில்லை. நகத்தை வேரோடு எடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டினார்கள். விரல் தப்பியது. இன்னும் ஒரு வருஷம் மறைத்திருந்தால் விரலையே கேட்டிருப்பேன் என்று டாக்டர் சொன்னபோது, அழக்கூடாது என்று வந்தவள் அழுது தீர்த்தாள்.

தை மாதம் மறுபடி ஸ்டூலைப் போட்டாள். விரல் இன்னும் பழைய பதத்துக்கு வரவில்லை; இலைகள் கொஞ்சம் தடித்துத்தான் விழுகின்றன. முதலில் வந்தவள் ரக்ஷனா என்று ஒரு கல்யாணப் பெண். கையை நீட்டியவள், நகமில்லாத மழமழ விரலைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அங்க என்னம்மா இருக்கு? இங்க பாரு, நல்லாப் பாரு" என்று நஃபீசா விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு கோனைக் கீழே வைத்தாள்.

"இப்ப உன் நகத்தைக் காட்டு. பத்தையும். செருப்பைக் கழட்டு, காலையும் பாக்கணும். அதுக்கப்புறம்தான் மருதாணி."