உளவுப் பலூனின் ரகசிய எழுத்து

முப்பது வருஷமாக மழைக்கோட்டும் கூடாரமும் தைக்கிற தையல்காரம்மா, தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோட்டை உள்வெளி மாற்றித் தைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் உள்ளே மையால் ஒரு வார்த்தை எழுதிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்.

அந்த வாரம் ஊரே அண்ணாந்து பார்த்தபடி நடந்தது. வானத்தில் வெள்ளையாக ஒரு பலூன். அயல்நாட்டு உளவு என்றார்கள். மாடியில் துணி காயப்போடக்கூடப் பயந்தார்கள். டிவியில் ஒரு நிபுணர், பலூனில் தெரிந்த கறுப்பு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, ரகசியக் குறியீடு என்று அடித்துச் சொன்னார்.

தையல்காரம்மா பட்டென்று டிவியை அணைத்தார். மெத்தைக் கடை விளம்பரத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த பலூன் அது. கடைப் பெயரை ஒட்டுவதற்குள் கயிறு அறுந்து பறந்துவிட்டதைக் கடைக்காரர் வெளியே மூச்சுவிடவில்லை.

பலூன் வயலில் விழுந்த அன்றே தையல்காரம்மா காவல் நிலையத்துக்குப் போனார்.

"ஐயா, அது நான் தைச்சதுங்க."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. வயலிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பலூன் துணியில் அந்த எழுத்தைக் காட்டினார். "அப்ப இது எந்த பாஷைம்மா?"

தையல்காரம்மா அந்த மெல்லிய துணியைப் புரட்டிப் போட்டார். வெளியே இடவலம் மாறித் தெரிந்த எழுத்து, உள்ளே நேராக 'உள்பக்கம்' என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தையல்காரம்மாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"இனிமே இப்படி எழுதி வைக்காதீங்கம்மா."

"எழுதத்தான் செய்வேங்க. உங்களுக்காக வெளியில 'வெளிப்பக்கம்'னும் சேர்த்து எழுதிடறேன்."