சிக்னல் இருக்கும் கடைசி வளைவு

காலை 7.10. 2008ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். எட்டு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். இன்டர்நெட் திறக்கும் கையடக்கத் தொலைபேசி அங்கே என்னிடம் மட்டுமே இருந்தது. அந்தப் பெருமையும் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா. அவர் மகள் பரமேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். அவள் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த வீட்டுத் தமிழ் டிரைவர் என் ஈமெயிலுக்கு எழுதியிருந்தார். அக்கா நம்பவில்லை. கையைப் படம் எடுத்து அனுப்பும்படி பதில் போடச் சொன்னார், போன ஞாயிறு இரத்தோட்டைக்கு இறங்கிப் போட்டேன். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அதனால்தான் இந்தப் பயணம்.

7.50. இரத்தோட்டை பஸ் நிலையம். சிக்னல் ஒரே கோடு. மடல் வந்திருந்தது, கூடவே படமும். அழுத்தினால் வெள்ளைச் சதுரம் மட்டும் தெரிந்தது. மாத்தளையில் இன்டர்நெட் கடைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாங்க சேர். கடையில நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. எம்புள்ள கைய நான்தான் மொதல்ல பாக்கணும்."

டவுன் பக்கம் போனால் போனிலேயே படம் வந்துவிடும் என்று தைரியம் சொன்னேன். எனக்கே அது நிச்சயமில்லை.

8.40. மாத்தளைக்குச் சற்று முன் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றோம். போனைப் பார்த்தால் மூன்று கோடு! பொறுக்க முடியாமல் மடலைத் திறந்தேன். படம் மேலிருந்து விரல் அகலம் விரல் அகலமாக இறங்கியது. முதலில் ஒரு சுவர், அப்புறம் தலைமுடி. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் எங்களை நோக்கி நடந்து வர, பயத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். படம் போயிற்று. சிப்பாயைக் கண்டதும் போனை அணைக்கும் தமிழனை, போர் நடந்த அந்த நாளில் யார் சும்மா விடுவார்கள்? மடையன் நான்.

எதை மறைத்தாய், திற என்று சிங்களத்தில் கேட்டார். ஈமெயில் கடவுச்சொல்லை இரண்டு தரம் பிழையாக அடித்தேன். அக்கா சிங்களத்தில், "என் மகள் படம் மாத்தயா, கையைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார். மூன்றாம் தரம் திறந்தது.

சிப்பாய், அக்கா, நான், மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தன. கடையில் வேண்டாம் என்றவர் கடைசியில் துப்பாக்கிக்காரரோடு சேர்ந்து மகளைப் பார்த்தார். நெற்றி வந்தது, முகம் வந்தது, சிரிப்பும் வந்தது. தோளுக்குக் கீழே வர ஒரு யுகம் ஆனது. கைகள் இரண்டும் மடியில் இருந்தன. இரண்டிலும் மஞ்சள் ரப்பர் கையுறை.

சிப்பாய், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நானும் விடுதலை கிடைத்தவன்போல, "பாத்தீங்களா அக்கா, நல்லா சிரிக்கிறா" என்றேன்.

"சட்டி கழுவுற கையுறைய மாட்டிக்கிட்டு யாராவது படத்துக்கு உக்காருவாங்களா சேர்?"



9.20. மாத்தளை பஸ் நிலையம். அக்கா சொல்லச் சொல்ல அடித்தேன்: கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் அனுப்பு, எப்படி இருந்தாலும் அனுப்பு, அம்மா அழமாட்டேன். மடல் போய்விட்டது என்று திரை காட்டியது. பதினொரு மணிவரை தேநீர்க் கடையில் காத்திருந்தோம். பதில் இல்லை.

12.15. திரும்பும் பஸ். இரத்தோட்டை கடந்து மலை ஏறியதும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை, என் போனையே பார்த்தபடி வந்தார்.

"இதுக்கு மேல போனா வராதுங்களா?"

"வராதுக்கா. அடுத்த ஞாயிறு மறுபடி எறங்குவோம்."

அவர் எழுந்து மணியை அடித்தார். தோட்டத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. பஸ் எங்களை வளைவில் இறக்கிவிட்டுப் போனது. அக்கா மதகில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க நடங்க சேர். போனை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டு, எங்க அழுத்தணும்னு சொல்லிக் குடுங்க."

நான் நடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கோடு சிக்னலில் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அவர் காதில் சொன்னேன். அவரே அழுத்தினார்.