கடைசி சைக்கிளில் வந்த ராமலிங்கம் அண்ணன்

ராமலிங்கம் அண்ணன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சைக்கிள் ரைடில், பெருமாட்டி ஊரைத் தாண்டி, பாசனக் கனால் கரையில்.

மூன்று நாளாக இதை எழுதுகிறேன், அழிக்கிறேன். குரூப்பில் எல்லோரும் ஆழ்ந்த இரங்கல் போட்டுவிட்டார்கள். ரைடு நடத்துகிற நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை...

அவரைத் தெரியாதவர்களுக்கு: சித்தூர் பக்கம் பிரைவேட் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். வேலையை விட்ட பிறகு என்னுடைய டூரில் கடைசி சைக்கிள் அவருடையது.

முன்னால் நான் வழிகாட்டிப் போவேன். யாருக்குச் செயின் கழன்றாலும், யாருக்கு மூச்சு வாங்கினாலும் பின்னால் அண்ணன் இருப்பார். ஒருவரையும் விட்டுவிட்டு வரமாட்டார்.

நின்ற இடத்திலிருந்து எல்லோரும் கிளம்பத் தயாரானதும் பின்னாலிருந்து டபுள் பெல் வரும். அது கேட்டால்தான் நான் பெடலை மிதிக்க வேண்டும். பஸ் பழக்கம், சைக்கிளிலும் விடவில்லை.

ஒரு தடவை பெல்லுக்கு முன்பே கிளம்பிவிட்டேன். அடுத்து நின்ற இடத்தில் அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க டிரைவர், எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாக்கறது என்ற வேலைங்க. நீங்க பாட்டுக்கு வண்டிய எடுத்தா நான் எதுக்குங்க?"

சென்னையிலிருந்து வருகிறவர்கள் திராட்சைப் பந்தலைப் பார்த்ததும் முதலில் கேட்பது, வைன் எங்கே கிடைக்கும் என்றுதான். அண்ணன் முகத்தில் சிரிப்பே இருக்காது. பக்கத்தில் கள்ளுப்பானை கட்டியிருக்கும் தென்னை மரத்தைக் காட்டுவார்.

"அதா, மேல இருக்குதுங்க. உங்க ஊர்ல கெடைக்காத வைனுங்க. ஏறத் தெரியுமுங்களா?"

சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வண்டியே வராத வழி... இப்படித்தான் நான் விளம்பரம் போடுவேன். நீங்களும் லைக் போட்டிருக்கிறீர்கள். கனால் கரையில் கார் நுழையாதபடி கல் நட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. போன் டவரும் கிடையாது. அதையும் பெரிய பெருமை மாதிரி போட்டிருந்தேன்.

அன்றைக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். திராட்சைக்குக் கவாத்து முடிந்து, கொடியெல்லாம் வெட்டிவிட்டதால் பந்தல்கள் மொட்டையாக நின்றன. தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை.

போட்டோ எடுத்து முடித்துக் கிளம்பும்போது அண்ணன் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னண்ணா என்றேன்.

"நெஞ்சக் கரிக்குதுங்க. காலைல தின்ன போண்டா. நீங்க போய்ட்டே இருங்க, நான் பின்னாலயே வந்தர்றேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரே சொல்லிவிட்டாரே என்று கிளம்பிவிட்டேன். பெல்லுக்கு நிற்கவில்லை.

போகிற வழியில் இரண்டு முறை திரும்பி எண்ணினேன். பதினொன்று, சரியாக இருந்தது. அவரைச் சேர்த்து எண்ணுகிற வழக்கமே எனக்கு இல்லை... எண்ணுகிறவர் அவர்தானே.

நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் இன்னும் வரலையே என்று ஒரு பெண் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பிப் போனோம். சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார். அவர் கீழே, மண்ணில்.

டவர் இருக்கிற இடத்துக்கு ஒருவர் மிதித்துப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் அந்தக் கல் வரைக்கும்தான் வந்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் கிடந்த தார்ப்பாயில் அவரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நடக்க நடக்க வழி நீண்டுகொண்டே போனது. நான் கண்டுபிடித்த வழி.

ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம்தான் பார்த்தார்கள்.

அன்று நல்லேப்பிள்ளியில் அவர் வீட்டுக்குப் போனபோது ஜோதி அக்கா, அவர் மனைவி, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசீல பக்கத்துல யாருங்க தம்பி இருந்தாங்க?"

"நான் இருந்தேனுங்க அக்கா. கையப் புடிச்சுட்டுத்தான் இருந்தேன்."

வாயில் வந்துவிட்டது. அக்காவுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை முகத்திலேயே பார்த்தேன். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி கடைசி வரைக்கும் கூடவே இருந்தாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து சைக்கிளில் தனியாகப் போனாலும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். நேற்று பால் வாங்கிவிட்டு வரும்போது கடை வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெல்லுக்கு.

அந்த 'வண்டியே வராத வழி' விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். ரைடு எதுவும் இப்போதைக்கு இல்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்று காலை அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லைங்க அக்கா, நாங்கள் எல்லோரும் டீக்கடையில் இருந்தோம் என்று.

அக்கா அழவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரமுங்க?"

முக்கால் மணி நேரம் இருக்கும் என்றேன்.

"முக்கா மணி நேரம்..." என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டு, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் வெளியே வரவில்லை.

ராமலிங்கம் அண்ணா... போயிட்டு வாங்க.