மீனுக்குப் போட்ட முத்து

நீர்நிலையில் மீன்களுக்கு நோய்க்குறி தெரிந்தால், மாதிரி மீனை ஃபார்மலினில் இட்டு, குளத்தின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, உரிய வழியாக மீன்வளத் துறைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை வரும்வரை மீன்பிடியை நிறுத்தி வைக்க வேண்டும். விதி இதுதான். பின்னாளில் இப்படிப்பட்ட விதிகளை எழுதும் நாற்காலியிலேயே என் பணிக்காலம் கழிந்தது. பதில் எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் எழுதுவதில்லை.

சாணார்பட்டிப் பக்கம் என் தாய்மாமாவின் ஊர். கோடையில் குளம் முழங்காலளவுக்கு வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா. கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார்; உடனே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடைகளோடு ஊரே சேற்றில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அப்போதுதான் மழை வரும். துண்டு வீசும் உரிமை வீட்டுக்கு வீடு சுற்றி வரும். தன் அப்பாவுக்கு வாய்க்காமலே போன அந்த முறை அந்த ஆண்டு மாமாவுக்கு வந்திருந்தது. திண்டுக்கல்லில் புதுத்துண்டு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து, கொல்லையில் நின்ற முருங்கை மரத்தைப் பார்த்து வீசிப் பழகினார். விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு அது காக்கை விரட்டுவதாகத்தான் தெரிந்தது.

திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கையில், கெண்டை ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை அலறினாள். செவுள் முழுக்க ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள்.

“ஆத்தாடி! மீனுக்கு முத்துப் போட்டிருக்கு!”

அம்மைக் கொப்புளத்துக்குத்தான் எங்கள் பக்கம் முத்து என்று பெயர். அது வந்த வீட்டில் மாரியம்மனே இறங்கியிருக்கிறாள் என்று பொருள். அன்று மாலைக்குள் குளத்துக்கே அம்மை என்று முடிவாகிவிட்டது. கரையெங்கும் வேப்பிலை கட்டினார்கள். கரையோர வீடுகளில் தாளிப்பு நின்றது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை யாரும் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்றார் பூசாரி.

“தண்ணிக்குள்ளயே கெடக்குற மீனுக்கு எப்படிய்யா தலைக்குத் தண்ணி ஊத்துறது?” என்றார் மாமா.

“அத ஆத்தா பாத்துக்குவா. நீ துண்ட மடிச்சு வையி, அப்பு.”

மாமாவால் மடித்து வைக்க முடியவில்லை. குளமோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் மீன் சேற்றிலேயே செத்து நாறும். துறைக்கு மனு எழுதி, விதிப்படி ஒரு மீனையும் அனுப்பினார். விதியை நம்பாமல் இன்னொரு மீனைத் தூக்குவாளியில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். அங்கே அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் விலங்கியல் வாத்தியார். அவர் ஒரு மணியை நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

“அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. ஒட்டுண்ணி, ஒரு செல் உயிரு. மீனுக்குத்தான் தொல்ல. நல்லா வேகவெச்சுத் தின்னா நமக்கு ஒண்ணும் பண்ணாது.”

என்னையும் ஸ்டூலில் ஏற்றிப் பார்க்கவிட்டார். முட்டை வடிவத்தில் குட்டிக் குட்டி முகங்கள், எண்ண முடியாத அளவு. ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக இரண்டு கண்கள். பார்வையை எடுக்க மனமே வரவில்லை.

ஊர் திரும்பியதும் மாமா எல்லோரையும் கோயில் முன்னால் கூட்டி, என்னைத் திண்டின்மேல் நிறுத்தினார். சாட்சியை முன்கூட்டியே விசாரிக்காமல் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

“நாஞ் சொன்னா நம்ப மாட்டீக. இந்தப் பயலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஏலே மருமகனே, அந்த முத்துக்குள்ள என்னத்தடா பாத்த?”

“கண்ணு” என்றேன். “ரெண்டு ரெண்டு கண்ணா, என்னயவே பாத்துச்சு.”

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தைக்கு அருள் வந்துவிட்டது. வாத்தியார் சொன்னதை மாமா அதற்கு மேல் யாரிடம் சொல்வது?

பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து குளத்தில் முதல் தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு இரண்டாம் தண்ணீர். மூன்றாவதற்கு முன்பே கோடைமழை கொட்டித் தீர்த்தது. “மூணாந் தண்ணிய ஆத்தாளே ஊத்திட்டா” என்றார் பூசாரி. குளத்தில் கழுத்தளவு நீர். ஊத்தா போட வழியில்லை. மழையே வந்துவிட்ட பிறகு மழைக்கான திருவிழாவும் தேவையில்லை. முறை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

அவை கண்களல்ல என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கே தலை நரைத்திருந்தது. சுருட்டி வைத்த நூலை அடக்கிய பைகள் அவை. நூல் தெறித்து வெளியே வந்து பற்றிக்கொள்ளும். கடலில் ஜெல்லி போன்ற சொறிமீன் கொட்டுவதும் இதே கருவியால்தான். அதனால் ஒரு செல் உயிர்களின் வகுப்பிலிருந்து இந்த ஒட்டுண்ணியைச் சொறிமீன் வம்சத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடலையே காணாத எங்கள் குளத்தில் கடலுக்குச் சொந்தக்காரன்! தவிர, இந்தக் கூட்டத்தில் பலவும் பாதி வாழ்வை மீனிலும் மறுபாதியைச் சேற்றுப் புழுவிலும் கழிக்கின்றன. அதை அறியாமல் வெகுகாலம் இரண்டு உயிர்களாக எண்ணி இரண்டு பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு. எங்கள் அலுவலகங்களில் நடக்காததல்ல.

மாமாவின் மனுவுக்குத் துறையிலிருந்து பதிலும் வந்தது, அதே ஆண்டு அடுத்த விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது. மீன்கள் நன்கு சமைத்தபின் உண்ணத் தகுந்தவை. திருவிழாவை நடத்துவதில் ஆட்சேபணை இல்லை. மாமா அதை இரண்டு முறை படித்தார். பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கரையில் வேறு யாருமில்லை. அவர் துண்டை ஒரே ஒருமுறை உயர்த்தி வீசினார். காக்கை எங்கே என்று நான் வானத்தில் தேடினேன். அன்று தீபாவளிக்கு மறுநாள்.