பாத்திமா கடையின் நிபந்தனை

நாகல் நகரில் தையல்கடை வைத்திருக்கும், பாத்திமா மாதாவின் பெயரைத் தாங்கிய பாத்திமாவுக்கு ஞாயிறு பூசை முடிந்தாலே எரிச்சல் வரும். மாதா கோயில் வாசலிலேயே பெண்கள் மறித்து, ஜாக்கெட் இறுக்குகிறது என்று குறை சொல்வார்கள்.

ஒருநாள் தையல் மெஷினுக்கு ஆன்லைனில் மோட்டார் வாங்கும்போது நிபந்தனைகளைப் படித்தாள். வழக்கு வந்தால் டெல்லி நீதிமன்றத்தில்தான் நடக்குமாம்.

"மோட்டார் இங்க கெட்டா நான் டெல்லிக்குப் போகணுமா? அம்புட்டுக் கொழுப்பு!" என்று திட்டினாள். திட்டி முடித்ததும் அந்த யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

கடையில் பலகை மாட்டினாள்: 'தையல் குறைகள் இங்கு மட்டுமே விசாரிக்கப்படும். கோயில் வாசலில் அல்ல.' வந்தவர்கள் படித்துச் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திங்களன்று கடை திறக்கும்போது, அவள் தைத்த புது அங்கியோடு பங்குச்சாமியார் நின்றார்.

"கை தொங்குதும்மா. பூசையிலயே சொல்லிருப்பேன். உன் பலகைக்குப் பயந்து வந்தேன்."