பாதி வழியில் ஓர் ஆஸ்பத்திரி

தகரக் கூரை, இரண்டு அறை, வாசலில் டோலியை இறக்கி வைக்க இடுப்புயரத்தில் ஒரு கல்மேடை. எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், மூன்று ஊர்ப் பாதைகள் சேரும் முக்கில் அந்தக் கட்டடம் நின்றது. சுற்றிலும் சோலைக்காடு, ஒரு வீடு கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் கட்டியது அது.

தலைவராகும் முன் அவர் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். மலையூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்த காலம். “எங்கிட்ட வந்து சேர்ந்த டோலியில பாதிக்குப் போர்வைய வெலக்கவே வேண்டாம். தூக்கிட்டு வந்தவன் மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்” என்பார். அதற்காகவே தேர்தலில் நின்றார். ஜெயித்ததும், ஜீப் ரோடு போட ஊரார் உடைத்து வைத்திருந்த கல்லை எடுத்து அந்த முக்கில் ஆஸ்பத்திரி கட்டினார். ஒரு நர்ஸைக் கெஞ்சி அழைத்து வந்து அங்கே குடிவைத்தார். ரோடு நின்றுபோனது.

ரோடு கேட்டவர்களில் முதல் ஆள் என் அப்பா. எங்கள் பேரிக்காய் குதிரை முதுகில் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நசுங்கிவிடும். பஞ்சாயத்தில் அவரும் ஓர் உறுப்பினர். கூட்டத்தில் எழுந்து, “காட்டெருமைக்குப் பிரசவம் பாக்கவா தலைவரே அங்க கொண்டுபோய்க் கட்டுனீங்க?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். “அதுவும் வந்தா நர்சம்மா பாக்கும் மாப்ளே” என்றார் தலைவர். அப்பா சிரிக்கவில்லை. தலைவரைப் பதவியிலிருந்து இறக்க, மற்ற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்.

அதற்கான கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை இறங்காமல் உதிரம் கொட்டியது. விடிந்ததும் டோலி கட்டினார்கள். முன்கம்பை அப்பா தூக்க, கூப்பிடாமலே வந்து பின்கம்புக்குத் தோள் கொடுத்தவர் தலைவர். பத்து வயதில் நான் துணிமூட்டையோடு பின்னால் ஏறினேன். முக்குக்கு வரும்போது அம்மாவுக்குப் பேச்சில்லை. நர்சம்மா எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வெயில் ஏறும்வரை அப்பா அந்தக் கல்மேடையைப் பிடித்தபடியே நின்றார். உள்ளே தம்பி அழுத சத்தம் கேட்டது. அம்மாவும் பிழைத்தாள்.

பத்தாம் நாள் அப்பா தலைவருக்கு எதிராகவே கை தூக்கினார். ஒரு கை வித்தியாசத்தில் பதவி போனது. அம்மா பல நாள் அப்பாவோடு பேசவில்லை. தலைவரோ அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். அப்பா தலை நிமிரவில்லை. “நீ கேட்ட ரோடும் ஞாயந்தான் மாப்ளே. வெரசாப் போடுங்க. நர்சம்மாவ மட்டும் போகச் சொல்லிராதீங்க” என்றார் தலைவர்.

ரோடு வேறு சரிவில் போடப்பட்டது. அறுபதுகளின் நடுவில் ஊருக்குள் ஜீப் வந்தது. பழைய பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்து, நர்சம்மாவும் மாற்றலாகிப் போனார். தலைவர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் நோயாளி யாரை ஜீப்பில் ஏற்றினாலும் பின்சீட்டில் அவரும் ஏறிக்கொள்வார். கொடைக்கானல் போய்ச் சேரும்வரை நாடியிலிருந்து விரலை எடுக்கமாட்டார்.

போன மாதம் என் பேத்திக்கு மூச்சுத் திணறி, அதே ரோட்டில் காரில் கொண்டுபோனோம். முக்கால் மணி நேரம். பிழைத்துக்கொண்டாள், இப்போது பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா போராடி வாங்கிய ரோடு அவளைக் காப்பாற்றியது. ஆனால் நாடி பார்க்கத் தெரிந்தவர் யாரும் அன்று காரில் இல்லை. நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். விரலில் துடித்தது அவளுடையதா என்னுடையதா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.